லாக் புக்கில் இல்லாத கட்டம்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் ஆலை ஒன்றில் 29 ஆண்டுகள் வேலை பார்த்தேன். கடைசி 16 ஆண்டுகள் ஷிப்ட் இன்சார்ஜ். ஒவ்வொரு ஹீட்டுக்கும், அதாவது உலையில் ஒரு தடவை உருக்கி ஊற்றி முடிப்பதற்கு, லாக் புக்கில் ஒரு வரி எழுதுவோம். எத்தனை டன் ஸ்கிராப், எத்தனை யூனிட் கரண்ட், எத்தனை டிகிரியில் டேப்பிங், அதாவது உருகியதை வெளியே ஊற்றுவது, மணி எவ்வளவு. உலையைப் பற்றி எல்லாமே அதில் இருக்கும். உலையை நடத்தியவன் அன்றைக்கு எந்த நிலையில் இருந்தான் என்பது மட்டும் இருக்காது. அதை எழுதுவதற்கு அங்கே ஒரு கட்டமே கிடையாது.

2009 நவம்பர். மூன்று நாளாக அடைமழை. ஸ்கிராப் யார்டு திறந்தவெளி. எனக்கு நைட் ஷிப்ட். அன்று காலை பொன்னேரியில் தங்கை மகளுக்குக் காதணி விழா. பகலில் ஒரு கண் தூங்கவில்லை. இரவு பதினொரு மணிக்கு முதலாளியிடமிருந்து போன். முந்தைய நாள் ஒரு ஹீட் குறைந்துவிட்டதாம். பத்து பேர் நிற்கும்போது ஸ்பீக்கரில் கேட்பது போன்ற சத்தத்தில் திட்டினார். நான் “சரிங்க சார், சரிங்க சார்” என்று மட்டும் சொன்னேன். மாலை உச்ச நேரத்தில் மின்கட்டணம் கூடுதல். அதனால் ராத்திரிதான் எங்களுக்கு வேகமாக ஓட்டும் நேரம். விடிவதற்குள் அந்த ஒரு ஹீட்டைப் பிடித்துவிட வேண்டும் என்று எனக்குள் ஒரு வெறி.

மணி இரண்டே முக்கால் இருக்கும். உலையில் பாதிக்கு மேல் உருகிய இரும்பு. கிரேன் காந்தம் ஒரு பிரஸ் கட்டைக் கொண்டுவந்து மேடையில் வைத்தது. தகரத்தை அமுக்கிச் சதுரமாகக் கட்டிய கட்டு அது. ஒடிசாவிலிருந்து வந்த ஹெல்பர் பையன் அதன் மேல் கையை வைத்துப் பார்த்தான். கையுறை நனைந்தது. என்னிடம் திருப்பிக் காட்டி, “சாப், பானி” என்றான். சார், தண்ணீர் என்று அர்த்தம். அந்த இரண்டு வார்த்தைதான். நான் அந்தக் கையுறையைப் பார்க்கவே இல்லை. கடிகாரத்தைப் பார்த்து, “டாலோ”, போடு, என்றேன். அவன் ஒரு நொடி தயங்கினான். பிறகு போட்டான்.

ஈரக் கட்டு உருகிய இரும்புக்குள் அமிழ்ந்தால் என்ன ஆகும் என்று உருக்காலையில் ஒரு வாரம் இருந்தவனுக்கே தெரியும். தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 1,700 மடங்கு விரியும். உள்ளே மாட்டிய நீர் வெளியே வர வழியில்லாமல், 1,600 டிகிரியில் கொதிக்கும் இரும்பையும் தூக்கிக்கொண்டு வெடிக்கும். எனக்கும் தெரியும். பயிற்சிக்கு வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். பையனுக்கு வலது கையும் கழுத்தும் வெந்துபோயின. கீழ்ப்பாக்கம் மருத்துவமனைத் தீக்காயப் பிரிவில் ஐந்து வாரம் இருந்தான். பிழைத்தான். ஆனால் அவன் கைவிரல்கள் முழுதாக மடங்காமல் போய்விட்டன. ஊருக்குத் திரும்பிவிட்டான்.

விசாரணை அறிக்கையில் காரணமாக “ஈரமான ஸ்கிராப்” என எழுதினார்கள். நானும் கையெழுத்துப் போட்டேன். அது பொய்யில்லை. ஆனால் பாதிதான். மழை பெய்த மூன்று நாளும் ஸ்கிராப் ஈரம்தான். அந்த ஒரு கட்டைப் போடச் சொன்னது நான். ஏன் சொன்னேன்? உற்பத்திக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. காலையில் மறுபடி அந்தக் குரலைப் போனில் கேட்கக் கூடாது, அவ்வளவுதான். நான் எடுத்தது உலையைப் பற்றிய முடிவே இல்லை. என் அவமானத்தைப் பற்றிய முடிவு. அதற்கான விலையை அந்தப் பையன் கொடுத்தான்.

தலைமை என்று வரும்போது தொலைநோக்கு, துணிச்சல், ஆளுமை என்று நிறையப் பேசுகிறோம். பயிற்சி வகுப்புகளும் நடத்துகிறோம். என் அனுபவத்தில் அதற்கெல்லாம் முன்னால் ஒன்று இருக்கிறது. உத்தரவு போடும் அந்த நேரத்தில் நான் எப்படி இருக்கிறேன் என்று எனக்குத் தெரிய வேண்டும். தூக்கமா, கோபமா, பயமா, யாரிடமாவது நல்ல பேர் வாங்கும் அவசரமா? அது தெரியாதவன் எடுக்கும் முடிவை அவன் எடுக்கவில்லை; அவனுடைய தூக்கமும் கோபமும் எடுக்கின்றன.

இதை மனம் சம்பந்தப்பட்ட மென்மையான விஷயம் என்று ஒதுக்கிவிட முடியாது. 1997-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அளந்து பார்த்தார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது. நம் நாட்டில் வண்டி ஓட்டுபவருக்குச் சட்டம் அனுமதிக்கும் எல்லை 0.03 சதவீதம். அந்த ராத்திரி நான் விழித்திருந்தது 21 மணி நேரம். மது குடித்து அதே தடுமாற்றத்தில் ஜி.என்.டி. சாலையில் பைக் ஓட்டியிருந்தால் போலீஸ் வண்டியைப் பறித்திருக்கும். உலையையும் அங்கே நின்ற ஆறு பேர் உயிரையும் என்னிடமிருந்து யாரும் வாங்கவில்லை. பன்னிரண்டு மணி நேர ஷிப்டைச் சாதாரணமாக நினைக்கும் எல்லா ஆலைகளும் இதை யோசிக்க வேண்டும்.

இரண்டாவது விஷயம், கீழே இருப்பவரின் குரல். அந்தப் பையன் சொன்னான். ஆனால் இரண்டு வார்த்தைக்கு மேல் சொல்ல அவனுக்குத் தைரியமும் இல்லை, என் பாஷையும் இல்லை. நம்முடைய கோளாறு நம் கண்ணுக்குத் தெரியாது. எதிரில் நிற்பவருக்குத்தான் தெரியும். அவர் வாயை அடைத்துவிட்டால் நம்மை நாமே பார்க்கும் கண்ணாடியை உடைத்துவிட்டோம் என்று அர்த்தம்.

இது சின்ன உருக்காலையின் கதை மட்டுமல்ல. 2021 டிசம்பரில் பூந்தமல்லிப் பக்கம் ஒரு விடுதியில் 250-க்கும் மேற்பட்ட பெண்கள் கெட்டுப்போன உணவால் பாதிக்கப்பட்டார்கள். எல்லோரும் ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் தயாரிப்பவர்கள். 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். தோழிகள் இறந்துவிட்டார்கள் என்று வதந்தி பரவியது. பெண்கள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் விடிய விடிய உட்கார்ந்தார்கள். சுமார் 17,000 பேர் வேலை பார்க்கும் ஆலை மூடப்பட்டு, 2022 ஜனவரி 12-ல்தான் திறந்தது. சில விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தங்கள் தரத்தில் இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. உலகத்தரத் தணிக்கை, ஏகப்பட்ட விதிமுறைகள் எல்லாம் இருந்த இடம் அது. பலர் படுக்கும் அறையின் நெரிசலும் சோற்றின் நாற்றமும் அங்கே தங்கிய பெண்களுக்கு முன்னமே தெரியும். அது மேலே போய்ச் சேர்வதற்கு நெடுஞ்சாலை தேவைப்பட்டது.

கீழே இருப்பவர் பேசுவதற்குச் சட்டத்தில் வழி இருந்தது. 1984 போபால் துயரத்துக்குப் பிறகு, 1987-ல் தொழிற்சாலைகள் சட்டத்தில் 41எச் என்றொரு பிரிவு சேர்ந்தது. அபாயகரமான வேலை நடக்கும் ஆலையில், உயிருக்கு உடனடி ஆபத்து என்று தொழிலாளி கருதினால் பொறுப்பாளரிடமும் இன்ஸ்பெக்டரிடமும் எச்சரிக்கலாம் என்றது அது. ஆபத்து உண்மை என்று தெரிந்தால் நிர்வாகம் உடனே சரிசெய்ய வேண்டும் என்றும் சொன்னது. “சாப், பானி” என்பதும் அப்படி ஓர் எச்சரிக்கைதான். சட்டம் அந்தப் பையனுக்குப் பேசும் உரிமை கொடுத்தது. கேட்கும் காது என்னிடம் இல்லை.

அந்த விபத்துக்குப் பிறகு ஓய்வு பெறும்வரை, 11 ஆண்டுகள், லாக் புக்கின் ஓரத்தில் பென்சிலால் மூன்று விஷயம் எழுதிவந்தேன். எத்தனை மணி நேரமாக விழித்திருக்கிறேன்? யார் மேலாவது கோபமா? இன்று யாராவது வேண்டாம் என்றார்களா? எழுதி முடிக்க அரை நிமிடம் ஆகாது. ஆனால் பென்சிலைக் கையில் எடுக்கும்போதே நிதானம் வரும். ஒருநாள் ஃபோர்மேனிடம் சண்டை போட்டுவிட்டு வந்து “கோபம் உண்டு” என்று எழுதினேன். அடுத்த ஹீட்டின் பொறுப்பை மெல்டரிடம் ஒப்படைத்து அவருக்குப் பக்கத்தில் நின்றேன். கவுரவம் ஒன்றும் குறையவில்லை.

வேலை நின்றால் நஷ்டம், சட்டென்று முடிவெடுக்காதவன் தலைவனா என்று கேட்பார்கள். அந்த 11 ஆண்டுகளில் ஹெல்பர்கள் சொல்லி நான் நிறுத்தியவற்றில் சில, பிறகு பார்த்தால், தேவையே இல்லாதவை. ஒவ்வொன்றுக்கும் கால் மணி நேரம் போயிருக்கும். அந்தக் கால் மணி நேரத்தை நான் நஷ்டக் கணக்கில் வைக்கவில்லை. அடுத்த தடவையும் பேசலாம் என்று ஒரு தொழிலாளி நம்புவதற்கு அதுதான் விலை. டொயோட்டா ஆலைகளில் கடைநிலைத் தொழிலாளியே லைனை நிறுத்தலாம். அந்தக் கம்பெனி அழிந்துவிடவில்லை.

கும்மிடிப்பூண்டி, தேர்வாய் கண்டிகை, காக்களூர் ஆலை முதலாளிகளிடமும் தொழிலகப் பாதுகாப்பு இயக்ககத்திடமும் நான் கேட்பது பெரிய செலவில்லை. லாக் புக்கில் ஷிப்ட் இன்சார்ஜுக்கு ஒரு கட்டம் அச்சடியுங்கள். விழித்திருந்த நேரத்தை அவர் கைப்பட எழுதட்டும். பதினாறைத் தாண்டினால் பொறுப்பு வேறு ஆளிடம் போகட்டும். பக்கத்திலேயே இன்னொரு கட்டம்: “வேண்டாம் என்றவர் யார், என்ன செய்தோம்?” ஒரு மாதம் முழுக்க அந்தக் கட்டம் காலியாக இருந்தால் ஆலை நன்றாக ஓடுகிறது என்று நினைத்துவிடாதீர்கள். யாரும் வாயைத் திறக்கவில்லை என்று புரிந்துகொள்ளுங்கள். திட்டி போன் செய்யும் முதலாளியும் ஒன்றை யோசிக்க வேண்டும். அந்தக் கோபம் போனோடு முடிவதில்லை. படிப்படியாக இறங்கி, கடைசியில் கையுறை போட்ட ஒருவன் மேல் போய் விழுகிறது.

அந்தப் பையனின் நனைந்த கையுறை பதினைந்து வருஷத்துக்கு மேலாக என் கண் முன்னால் நிற்கிறது. அன்றைக்கு நான் அதைத் தொட்டுப் பார்த்திருந்தால் போதும்.