மகுடத்துக்குப் பட்டா கொடுத்தது யார்?

அரசன் எந்த உரிமையில் ஆளுகிறான்? ஆங்கில நாடகாசிரியர் ஷேக்ஸ்பியர் சுமார் 1595-ல் எழுதிய 'இரண்டாம் ரிச்சர்டு' என்ற சரித்திர நாடகம் இந்தக் கேள்வியைத்தான் எழுப்புகிறது.

கடவுளே தன்னை அபிஷேகம் செய்து வைத்ததாக ரிச்சர்டு நம்புகிறான். யுத்தச் செலவுக்குப் பணமில்லை. நாட்டு வருமானத்தைக் குத்தகைக்கு விடுகிறான். சித்தப்பன் செத்ததும், அவர் மகன் போலிங்புரோக்குக்குச் சேரவேண்டிய சொத்தைப் பறிக்கிறான். இன்னொரு சித்தப்பன் எச்சரிக்கிறார்: வாரிசுரிமையை நீயே மிதித்தால், வாரிசுரிமையால் வந்த உன் மகுடம் எதன்மேல் நிற்கும்? மன்னன் கேட்கவில்லை. போலிங்புரோக் படையோடு வந்தான். 1399-ல் மகுடம் கை மாறியது. மகுடம் இறக்கும் அந்தக் காட்சி எலிசபெத் ராணி உயிரோடிருந்தவரை அச்சேறவே இல்லை!

கண்டனூர்க்காரர்களுக்கு இது அந்நியக் கதையல்ல. நம் சிவகங்கைச் சீமையில் 1801 ஜூனில் மருது சகோதரர்கள் கும்பினிக்கு எதிராக ஜனங்களை அறைகூவி அழைத்தார்கள். அவர்களுக்கு ஆளும் பாத்தியதை இல்லை என்றது கும்பினி. படமாத்தூர் கௌரி வல்லப உடையத் தேவரை வாரிசாக்கியது. அக்டோபர் 24-ல் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டது. கடல் கடந்து வந்த வியாபாரிக்கு நம் சீமைக்கு வாரிசு நியமிக்கும் பாத்தியதையைக் கொடுத்தது யார்? பீரங்கி!

பீரங்கி கொடுத்த பட்டாவைப் பிறகு கோர்ட்டு காத்தது. 1829-ல் அந்த ஜமீன்தார் இறந்ததும் வாரிசு வழக்கு கிளம்பியது. 1863-ல் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போயிற்று. யாருக்கு ஜமீன் என்று கேட்டார்கள். உழுதவனுக்கு என்ன என்று யாரும் கேட்கவில்லை.

ஷேக்ஸ்பியர் நாடகத்தில் ஒரு தோட்டக்காரன் வருகிறான். மிஞ்சி வளர்ந்த கிளைகளை நாம் வெட்டுவதுபோல் மன்னனும் வெட்டியிருந்தால் மகுடம் நிலைத்திருக்கும் என்கிறான். அரண்மனைக்குத் தெரியாத அரசியல் அவனுக்குத் தெரிகிறது. ராணியோ அவனைச் சபிக்கிறாள். மன்னன் மாறிய பிறகும் அவன் தோட்டக்காரன்தான்.

1948-ஆம் வருஷச் சட்டத்தால் சென்னை மாகாணத்தில் ஜமீன் முறை ஒழிந்தது. ஜமீன்தார்களுக்கு நஷ்டஈடு கிடைத்தது. சாகுபடி உரிமை பெற்றிருந்த ரயத்துகளுக்குப் பட்டா கிடைத்தது. நிலமில்லாத கூலிக்கு அந்தச் சட்டம் ஒரு குழி நிலமும் தரவில்லை.

தோழர்களே! மகுடம் தலை மாறுவது மட்டும் மாற்றமல்ல. தோட்டக்காரன் பேசினால் போதாது. அவன் சங்கமாகச் சேர வேண்டும். உழுபவனுக்கே நிலம் என்ற நாள்தான் அந்த நாடகத்தின் எழுதப்படாத கடைசிக் காட்சி!