டிங்கோ சிங் விற்ற வீடு

1998 டிசம்பரில் பாங்காக் நகரில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. 54 கிலோ எடைப் பிரிவுக் குத்துச்சண்டையில் மணிப்பூர் வீரர் டிங்கோ சிங், அரையிறுதியில் தாய்லாந்து வீரரை அவர் சொந்த மண்ணிலேயே வீழ்த்தினார். இறுதியில் எதிர்த்து நின்ற உஸ்பெகிஸ்தான் வீரர் நாலாவது சுற்றுக்குப் பின் தாக்குப்பிடிக்க முடியாமல் விலகிக்கொண்டார். 1982ல் கௌர் சிங் வென்ற பிறகு, 16 வருஷம் கழித்து நமக்குக் குத்துச்சண்டையில் ஆசியத் தங்கம் வந்தது. இத்தனைக்கும் அந்த அணியில் முதலில் டிங்கோவின் பெயரே இல்லை!

யார் இவர்? 1979ல் இம்பால் பக்கம் சேக்தா கிராமத்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, அநாதை விடுதியில் வளர்ந்தவர். பிறகு கடற்படையில் சேர்ந்தார். இவரைப் பார்த்துத்தான் மேரி கோமுக்குக் குத்துச்சண்டையில் ஆசை வந்தது. அர்ஜுனா விருது கொடுத்தார்கள். 2013ல் பத்மஸ்ரீயும் கொடுத்தார்கள்.

2017ல் கல்லீரலில் புற்றுநோய் வந்தது. வைத்தியத்துக்காக இம்பாலில் இருந்த வீட்டை விற்றார். உதவியே வரவில்லை என்று நாம் சொல்லமாட்டோம், வந்தது. கை நீட்டிக் கேட்ட பிறகு வந்தது. 2021 ஜூன் 10ந் தேதி இறந்தார். வயது 42.

கௌர் சிங் கதையும் இதுதான். 1980ல் டில்லியில் முகமது அலியோடு மோதிய மனிதர், பஞ்சாபில் தன் கிராமத்தில் விவசாயம் பார்த்துக்கொண்டிருந்தார். இருதய வைத்தியத்துக்கு வட்டிக்குக் கடன் வாங்கினார். 2023ல் அவரும் போய்விட்டார்.

"பெயரும் புகழும் கண்ட வீரன் கதை நமக்கெதற்கு?" என்று சிலர் கேட்கலாம். நமக்குத்தான் வேண்டும், தோழர்களே! உடம்பை மூலதனமாக வைத்துப் பிழைக்கிறவன் படுத்துவிட்டால் யார் பொறுப்பு என்பதுதானே கேள்வி? பஞ்சுத் தூசியில் நிற்கும் மில் தொழிலாளிக்கு ஈ.எஸ்.ஐ. வைத்தியம் 1948ஆம் வருஷத்துச் சட்டம் தந்த உரிமை. அட்டையைக் காட்டினால் போதும். எவர் வாசலிலும் மனுவோடு நிற்க வேண்டியதில்லை. தேவாரம் காட்டில் கடலை பிடுங்கும் பெண்ணிடம் அந்த அட்டை கிடையாது. தங்கப் பதக்கம் வாங்கிய டிங்கோவின் நிலையும் அவள் நிலையும் இந்த ஒரு விஷயத்தில் ஒன்றாகிப் போனது விந்தைதான்.

பட்டமும் மாலையும் கொடுக்க சர்க்காருக்குச் செலவு குறைவு. நாட்டுக்காக அடி வாங்கிய உடம்புக்கு ஆயுள் உள்ளமட்டும் இலவச வைத்தியம் என்று சட்டத்தில் எழுதட்டும். கடலை பிடுங்குகிறவளையும் அதே சட்டத்தில் சேர்க்கச் சொல்லி நாம் கேட்போம்.