ஏட்டுச் சுரைக்காய்க்கு விலை பேசுவோர்

"சந்தை தீர்ப்பளித்துவிட்டது!" என்றனர் பங்குச் சந்தைப் பண்டிதர்கள். என்ன தீர்ப்பு? தனியார் வங்கியின் பங்கு அதன் ஏட்டு மதிப்பைப்போல் மூன்று மடங்குக்கும் நான்கு மடங்குக்கும் விலை போகிறது, பொதுத்துறை வங்கிகளுள் பலவற்றின் பங்கோ ஏட்டு மதிப்பைக்கூட எட்டவில்லை, எனவே முன்னது திறமையின் திருவுருவம், பின்னது திறமையின்மையின் சின்னம், எனவே விற்றுவிடுக! இதுதான் அந்தத் தீர்ப்பு. 2021 பிப்ரவரி 1-ஆம் நாள், ஐ.டி.பி.ஐ. வங்கியோடு மேலும் இரண்டு பொதுத்துறை வங்கிகளைத் தனியார் மயமாக்கப் போவதாக மத்திய நிதியமைச்சர் நாடாளுமன்றத்தில் அறிவித்தபோது, இந்தத் தீர்ப்புத்தான் நாளேடுகளின் வணிகப் பக்கங்களில் வேதவாக்காக ஓதப்பட்டது. சந்தை ஏறும்போது இந்த வாதம் உறங்கும், இறங்கும்போது விழிக்கும். அது உறங்கும் வேளையிலேயே அதன் எடைக்கல்லைச் சோதித்துப் பார்த்துவிடுவது நல்லது.

எடைக்கல் எது?

ஒரு வங்கியின் சொத்துகள் அனைத்தையும் கூட்டி, அது பிறருக்குத் தரவேண்டிய கடன்கள் அனைத்தையும் கழித்தால் எஞ்சுவது பங்குதாரர்களின் சொந்த மூலதனம். அதனைப் பங்குகளின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது ஒரு பங்கின் ஏட்டு மதிப்பு. சந்தையில் அந்தப் பங்கு விற்கும் விலையை இந்த ஏட்டு மதிப்பால் வகுத்தால் வருவதே விலைக்கும் ஏட்டு மதிப்புக்கும் உள்ள விகிதம். பங்கின் விலை 200 ரூபாய், ஏட்டு மதிப்பு 100 ரூபாய் என்றால் விகிதம் இரண்டு. விலை 50 ரூபாய் என்றால் விகிதம் அரை.

ஆலைகளை எடைபோட இந்தக் கல்லை அவ்வளவாகப் பயன்படுத்துவதில்லை. பழைய இயந்திரத்துக்கு ஏட்டில் ஒரு மதிப்பு, இரும்புக் கடையில் ஒரு மதிப்பு. ஆனால் வங்கியின் சரக்கு பணம். அது கொடுத்த கடனும் பணம், வாங்கிய வைப்பும் பணம். ஆதலால் ஏட்டில் உள்ளது ஏறத்தாழ உண்மையாகவே இருக்கும் என்பது பண்டிதர்களின் நம்பிக்கை. நூறு ரூபாய் மூலதனத்தில் ஆண்டுக்கு 18 ரூபாய் ஈட்டும் வங்கிக்கு நூற்றுக்கு மேல் கொடுக்கலாம். ஐந்து ரூபாய் ஈட்டும் வங்கிக்கு நூறு கொடுப்பானேன், அஞ்சலகச் சேமிப்பிலேயே அதைவிட மிகுதியாகக் கிடைக்குமே என்பது அவர்களின் கணக்கு. கணக்கு தவறன்று. ஏடு உண்மை பேசும்வரை கணக்கு சரியே. ஏடு பொய் பேசினால்?

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் முன்னோர் வாக்கு. வங்கியின் ஏட்டிலோ சுரைக்காய் மட்டுமன்று, தோட்டமே எழுதப்பட்டிருக்கும். நூறு ரூபாய் சொத்துள்ள ஒரு வங்கியில் சொந்த மூலதனம் ஏழெட்டு ரூபாய்தான். மீதியெல்லாம் ஊரார் பணம். கொடுத்த கடனில் நூற்றுக்கு நான்கு ரூபாய் திரும்பாது என்ற உண்மையை மறைத்துவிட்டால், சொத்தில் நான்கு பங்குதான் பொய். ஆனால் மூலதனத்திலோ பாதி பொய்! சொத்துப் பக்கத்தில் எலி வளை அளவு ஓட்டை. மூலதனப் பக்கத்தில் அதுவே யானை நுழையும் வாயில். "இந்தக் கடன் திரும்பும்" என்று எழுதுபவர் யார்? கடன் கொடுத்தவரே அன்றோ! தாம் எழுதிய ஏட்டுக்குத் தாமே சாட்சி நிற்கும் விந்தையை வேறு எந்த வணிகத்தில் காண்போம்?

யெஸ் வங்கி தந்த பாடம்

கற்பனை வேண்டாம், நடந்ததைப் பார்ப்போம். 2018 ஆகஸ்டில் யெஸ் வங்கியின் பங்கு 400 ரூபாயைத் தொட்டது. அந்த ஆண்டு மார்ச் மாத ஐந்தொகைப்படி அதன் ஏட்டு மதிப்பு ஏறத்தாழ 112 ரூபாய். விகிதம் மூன்றரை! அதே வேளையில் பாரத ஸ்டேட் வங்கியின் பங்கு ஏட்டு மதிப்பை ஒட்டியே ஊர்ந்துகொண்டிருந்தது.

சந்தைக்கு உண்மை தெரியாதா? தெரியும். 2016 மார்ச் முடிவில் தன் வாராக்கடன் 749 கோடி ரூபாய் என்று யெஸ் வங்கி எழுதியிருந்தது. ரிசர்வ் வங்கியின் ஆய்வாளர்கள் பார்த்தபோது அது 4,926 கோடியாக இருந்தது. மறு ஆண்டு வங்கி எழுதியது 2,018 கோடி. ஆய்வில் வெளிப்பட்டது 8,374 கோடி. இவ்விரு செய்திகளும் 2017-ஆம் ஆண்டிலேயே வெளிவந்தவை. இதற்குப் பிறகுதான், ஓராண்டு கழித்து, பங்கு விலை 400 ரூபாய்க்கு ஏறியது! அடுத்து, 2017-18 கணக்கில் ரிசர்வ் வங்கி மாறுபாடு எதுவும் காணவில்லை என்று 2019 பிப்ரவரியில் அந்த வங்கி தானே தம்பட்டம் அடித்தபோது, பங்கு விலை ஒரே நாளில் ஏறத்தாழ 30 விழுக்காடு துள்ளியது. அந்த அறிவிப்புக்காக ரிசர்வ் வங்கி கண்டித்தது. அதே ஆண்டு நவம்பரில், 2018-19 கணக்கிலும் 3,277 கோடி ரூபாய் வாராக்கடன் குறைத்துக் காட்டப்பட்டது வெளிவந்தது. சந்தை எனும் இந்த நீதிபதி சாட்சியம் கேட்டா தீர்ப்பளித்தார்? ஆரவாரம் கேட்டுத் தீர்ப்பளித்தார்!

2020 மார்ச் 5-ஆம் நாள் தடை வந்தது. சேமித்தவன் தன் சொந்தப் பணத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்கக்கூடாது என்றனர். சில நாள்களில் வெளியான கணக்கின்படி, 2019 டிசம்பருடன் முடிந்த மூன்றே மாதங்களில் இழப்பு 18,564 கோடி. வாராக்கடன் 40,709 கோடி. முந்தைய மார்ச்சில் ஏறத்தாழ 26,900 கோடி ரூபாய் மூலதனம் இருப்பதாகக் காட்டிய ஏடு அது. எங்கே போயிற்று அந்த மூலதனம்? எங்கும் போகவில்லை, ஏட்டில் இருந்த அளவுக்கு அது என்றுமே இல்லை!

மூழ்கும் கப்பலை இழுத்துவர வந்தது யார்? தனியார் வங்கிகள் சிலவும் கைகொடுத்தன என்பது உண்மை. ஆனால் திரட்டிய 10,000 கோடி ரூபாயில் 6,050 கோடியைப் பங்குக்குப் பத்து ரூபாய் வீதம் கொடுத்தது பாரத ஸ்டேட் வங்கி. மூன்றரை மடங்கு பெற்ற மேதையை, ஒரு மடங்குக்கு மதிக்கப்பட்ட மந்தன் தோளில் சுமந்து கரை சேர்த்தான். இது புதுமையுமன்று. 2004-இல் குளோபல் டிரஸ்ட் வங்கி கவிழ்ந்தபோது அதனை ஏற்றது ஓரியண்டல் பாங்க் ஆப் காமர்ஸ் என்ற பொதுத்துறை வங்கியே. ஆதாயம் வந்தால் தனியாருக்கு, ஆபத்து வந்தால் பொதுத்துறைக்கு! இதற்குப் பெயர்தான் சந்தையின் தீர்ப்பா?

கரூரில் நடந்தது

நம் நாட்டுக்கே வருவோம். 1926-இல் கரூரில் அவ்வூர் வணிகர் எழுவர் கூடித் தொடங்கியது லட்சுமி விலாஸ் வங்கி. வட்டாரத்து வணிகரும் தொழில் நடத்துவோரும் உழவரும் அதில் கணக்கு வைத்தனர், பங்கும் வாங்கினர். 2017 இறுதியில் அந்த வங்கி உரிமைப் பங்குகளை வெளியிட்டது; பங்கு ஒன்றின் விலை 122 ரூபாய். மூன்றாண்டு முடியவில்லை, 2020 நவம்பர் 17-ஆம் நாள் தடை விதிக்கப்பட்டது. 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்கக்கூடாது என்றனர். பத்தே நாள்களில் வங்கி, சிங்கப்பூர் டி.பி.எஸ். குழுமத்தின் இந்திய வங்கியோடு இணைக்கப்பட்டது. வைப்புப் பணம் காப்பாற்றப்பட்டது. அது வரை நல்லது. பங்குதாரர்களுக்கு? பங்கு மூலதனமும் கையிருப்பு நிதியும் முழுவதுமாக அழிக்கப்பட்டன. 122 ரூபாய் கொடுத்தவனுக்குக் கிடைத்தது, ஏட்டுக்கும் பூஜ்யம், சந்தைக்கும் பூஜ்யம். பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்து விகிதம் சொல்லும் பண்டிதர் எவரேனும் உண்டா? 94 ஆண்டு மரம் சாய்ந்தபோது, விகிதம் கணித்தோர் ஒருவரும் வந்து தாங்கவில்லை.

நம் பக்கத்துக் குறையும் குறையே

"பொதுத்துறை வங்கிகளின் ஏடுகள் மட்டும் புனிதமானவையா?" என்று மாற்றார் கேட்பர். கேட்கட்டும். அல்ல என்பதே விடை. 2015-இல் ரிசர்வ் வங்கி கடன்களின் தரத்தைச் சல்லடையிட்டபோது, பெருமுதலாளிகளுக்குக் கொடுத்துத் திரும்பாத கடன்கள் "நல்ல கடன்" என்ற போர்வையில் உறங்கியது வெளிப்பட்டது. 2018 மார்ச்சில் பொதுத்துறை வங்கிகளின் வாராக்கடன் நூற்றுக்கு 14.6 வரை ஏறியது. அதே ஆண்டு பிப்ரவரியில் பஞ்சாப் நேஷனல் வங்கியில் 11,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட மோசடி வெளிவந்தது. அந்நாளில் சந்தை அவற்றின் ஏட்டைப் பாதி மதிப்புக்குக் கண்டது காரணமற்ற வெறுப்பன்று. குறைந்த விகிதம் ஓர் ஐயத்தின் அடையாளம். ஐயம் எழுந்தால் செய்ய வேண்டியது தணிக்கை. ஏலம் அன்று!

தணிக்கை நடந்தது. 2016-17 முதல் 2020-21 வரை ஐந்து நிதியாண்டுகளில் 3 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் புது மூலதனம் அந்த வங்கிகளுக்குள் செலுத்தப்பட்டது. யாருடைய பணம்? உப்பு முதல் கற்பூரம் வரை வரி கொடுக்கும் ஏழையின் பணம். சிலவற்றை வசூலித்தும் பலவற்றைக் கணக்கிலிருந்து தள்ளியும், 2024 மார்ச்சில் வாராக்கடன் நூற்றுக்கு மூன்றரை அளவுக்கு இறங்கியது. நோயாளிக்கு மருத்துவச் செலவு செய்தது மக்கள். உடல் தேறும் தறுவாயில் "பாதி விலைக்கு விற்றுவிடுக" என்றால் என்ன பொருள்? விகிதம் அரையாக இருக்கும்போது விற்பது என்றால், மக்கள் நூறு ரூபாய் என்று எழுதி வைத்த உடைமையை ஐம்பதுக்குக் கொடுப்பது. ஏடு பொய்யென்றால் முதலில் ஏட்டைத் திருத்துக. ஏடு மெய்யென்றால் பாதி விலைக்கு ஏன் விற்கிறீர்? இரண்டில் ஒன்றுக்கு விடை கூறாமல் ஏலச் சுத்தியலைத் தூக்காதீர்!

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் ஓவர்சீஸ் வங்கியின் கதையைக் கேளுங்கள். 2020 மார்ச்சில் அதன் பங்கு பத்து ரூபாய்க்கும் கீழே. 2021-இல் விற்கப்படும் வங்கிகளுள் ஒன்றாக நாளேடுகளில் பெயர் அடிபட்டது. 2024 பிப்ரவரியில் அதே பங்கு 80 ரூபாயைத் தாண்டியது. ஏட்டு மதிப்பைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு! இலாபம் திரும்பியது மெய்; ஆனால் நான்கே ஆண்டில் கடைச்சரக்கு கோமேதகமாகிவிட்டதா? அப்போது அந்த வங்கியில் 96 விழுக்காடு மத்திய அரசிடம் இருந்தது. எஞ்சிய நான்கு பங்கைத்தான் சந்தை தூக்கிப் பிடித்தும் தாழ்த்திப் போட்டும் விளையாடியது. இந்த ஐந்து மடங்கைக் காட்டி நாம் மார்தட்டப் போவதில்லை. அரை மடங்கு இழிவுக்குச் சான்று அன்று என்பவர்கள், ஐந்து மடங்கைப் பெருமைக்குச் சான்றாகக் காட்டுவது முறையாகாது. 1969 ஜூலை 19-இல் 14 வங்கிகள் நாட்டுடைமை ஆனபோது, பங்கு விலை ஏறும் என்பதற்காகவா ஆயின? பணக்காரர் வாசலில் நின்ற கடன், உழவன் வாசலுக்கும் வரவேண்டும் என்பதற்காக ஆயின. சிற்றூர்க் கிளையும், பயிர்க் கடனும், ஏழையின் வெற்றுக் கணக்கும் அந்த விகிதத்தில் எந்தப் பத்தியில் ஏறும்? இலாபத்தைக் குறைக்கும் செலவாக மட்டுமே ஏறும்!

நாம் கேட்க வேண்டியவை

தோழர்களே! "விகிதம் இவ்வளவு" என்று எவரேனும் மேடையில் முழங்கினால் மூன்று கேள்வி கேளுங்கள். ஏட்டை எழுதியவர் யார்? அதனை ஆய்ந்தவர் யார்? பொய்யாகிப் போனால் இழப்பவர் யார்? மூன்றாவது கேள்விக்கு விடை எப்போதும் ஒன்றுதான்: வரி கொடுப்பவனும், வைப்பு வைத்தவனும், சிறு பங்குதாரனும்.

நமது கோரிக்கை தெளிவானது. வங்கிகளின் மீது ரிசர்வ் வங்கி நடத்தும் ஆய்வின் முடிவுகள் மக்கள் பார்வைக்கு வரவேண்டும். ஆய்வு அறிக்கைகளை வெளியிட மறுக்க "நம்பிக்கை உறவு" என்ற சாக்குச் செல்லாது என்று 2015 டிசம்பரிலேயே உச்சநீதிமன்றம் கூறியது. அந்தத் தீர்ப்பின் உயிர் காக்கப்படவேண்டும். பொதுத்துறை வங்கி எதனையும் விற்கும் பேச்சு எழுந்தால், அதற்கு முன்னர் அதன் கடன் ஏடு நாடாளுமன்றத்தின் முன் விரித்து வைக்கப்படவேண்டும். பெருங்கடனாளிகளின் பெயர்களோடு வைக்கப்படவேண்டும்.

விலை என்பது சந்தையின் இன்றைய மனநிலை. மதிப்பு என்பது மக்களின் உழைப்பு. முன்னதைப் பின்னதால் வகுத்து வரும் எண்ணைக் கொண்டு ஒரு நாட்டின் கருவூலத்துக்கு ஏலம் கூற விடமாட்டோம். ஏட்டைத் திறக்கச் சொல்வோம், திறக்கும்வரை ஓயமாட்டோம்!