புயலைத் துரத்தும் கேமராக்களும் பட்டா இல்லாத வீடுகளும்

நாம் நடத்தும் இரவுப் பாடசாலையில் போன வாரம் ஒருநாள் பாடம் நடக்கவில்லை. ஒரு பையனின் கைபேசியில் ஓடிய வீடியோவைச் சுற்றிப் பிள்ளைகள் எல்லோரும் கூடிவிட்டார்கள். அமெரிக்காவில் யாரோ காரில் போய்க்கொண்டே எடுத்த காட்சி அது. கறுத்துத் திரண்ட மேகத்திலிருந்து யானைத் தும்பிக்கை போல ஒன்று இறங்கித் தரையைத் துழாவுகிறது. காரில் இருப்பவர்கள் உற்சாகத்தில் கத்துகிறார்கள். நம் பிள்ளைகளும் கத்தினார்கள். பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் மட்டும், "அண்ணே, அங்க வீடு போனவங்களுக்கு அது சொந்த மனைதானா?" என்று கேட்டாள்.

அன்றைக்கு நம்மிடம் பதில் இல்லை. பிறகு தேடிப் படித்ததில் கிடைத்ததை இங்கே எழுதுகிறோம்.

முதலில் ஒரு விளக்கம். நமக்குப் பழக்கமான புயல் வங்கக் கடலில் உருவாகி, பெயர் சூட்டப்பட்டு, கரைக்கு வர நாட்கணக்கில் எடுத்துக்கொள்ளும். வீடியோவில் பார்த்தது டொர்னாடோ என்கிற சுழற்காற்று. இடிமேகத்துக்குள் சுழன்று, சில நிமிடங்களில் தரையைத் தொட்டுவிடும். அகலம் பெரும்பாலும் சில நூறு மீட்டர்தான். ஒரு தெருவைத் துடைத்துவிட்டு அடுத்த தெருவைத் தொடாமல் போய்விடும். அமெரிக்காவில் மட்டும்தான் இது வரும் என்று நினைக்க வேண்டாம். 1989 ஏப்ரல் 26 அன்று வங்கதேசத்தின் மானிக்கஞ்ச் பகுதியில் வீசிய சுழற்காற்றில் சுமார் 1,300 பேர் இறந்தார்கள். உலகிலேயே அதிக உயிர்களைக் குடித்த டொர்னாடோ என்று சொல்லப்படுவது அதுதான். நம்மில் எத்தனை பேர் அதைக் கேள்விப்பட்டிருக்கிறோம்?

சுழற்காற்றின் பின்னாலேயே காரில் போவது அமெரிக்காவில் ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. 1956-ல் டேவிட் ஹோட்லி என்ற இளைஞர் தன் ஆர்வத்துக்காகத் தொடங்கியதை, 1970-களில் ஒக்லஹோமாவின் விஞ்ஞானிகள் ஆராய்ச்சியாக மாற்றினார்கள். 1996-ல் 'ட்விஸ்டர்' திரைப்படம் வந்த பிறகு கூட்டம் பெருகியது. இன்று ஆயிரக்கணக்கான டாலர் கட்டணம் வாங்கிக்கொண்டு புயல் காட்ட அழைத்துப்போகும் சுற்றுலா நிறுவனங்கள் இருக்கின்றன. நேரலையில் ஓட்டிக் காசு பார்ப்பவர்களும் இருக்கிறார்கள்.

இவர்களை வேடிக்கை பார்ப்பவர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. ரேடாரின் கதிர் தூரம் போகப்போக உயரே ஏறிவிடும். தரையை ஒட்டி நடப்பது அதற்குத் தெரியாது. நேரில் பார்த்தவர் சொன்னால்தான் எச்சரிக்கை உறுதியாகும். டிம் சமாரஸ் என்பவர் கல்லூரிப் பட்டம் பெறாத பொறியாளர். தானே கருவிகள் செய்து சுழற்காற்றின் பாதையில் வைத்து, அதன் உள்ளே காற்றழுத்தம் எவ்வளவு விழுகிறது என்பதை 2003-ல் பதிவு செய்தார். 2013 மே 31 அன்று ஒக்லஹோமாவின் எல் ரீனோ அருகே, 4 கி.மீ.க்கும் மேல் அகலமான சுழற்காற்று அவரையும் அவர் மகனையும் உடன் சென்ற நண்பரையும் கொன்றது. மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய மனிதர் அவர்.

ஆனால் துரத்துபவர்களின் கண் வானத்தில் இருக்கிறது. அந்தப் பெண் கேட்டது தரையைப் பற்றி.

மிசிசிப்பி மாநிலத்தில் ரோலிங் ஃபோர்க் என்று ஒரு சிற்றூர். 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 1,883. பத்தில் எட்டுப் பேர் கறுப்பின மக்கள். அந்தப் பகுதியையும் டெல்டா என்றுதான் சொல்கிறார்கள். அடிமைகளை வைத்துக் காடு திருத்திப் பருத்தி போட்ட மண். அடிமை முறை ஒழிந்த பிறகும் நிலம் வெள்ளையரிடமே இருந்தது. உழைத்தவர்கள் வாரத்துக்கும் கடனுக்கும் கட்டுப்பட்டுக் கிடந்தார்கள். ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸ் தன் ஊர் என்று சொல்லிக்கொண்டது இந்த ரோலிங் ஃபோர்க்கைத்தான். குழந்தைகள் கட்டிப்பிடித்துத் தூங்கும் டெடி கரடிப் பொம்மை இருக்கிறதே, அந்தப் பெயருக்குக் காரணமான 1902-ஆம் ஆண்டு வேட்டையும் இதே வட்டாரத்தில்தான் நடந்தது. கரடியைப் பிடித்துக் கட்டியவர் அடிமையாகப் பிறந்த ஹோல்ட் காலியர். பொம்மைக்கு வந்த பெயரோ, கட்டிப்போட்ட கரடியைச் சுட மறுத்த குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டுடையது.

2023 மார்ச் 24, வெள்ளிக்கிழமை இரவு 8 மணி கழிந்து சில நிமிடங்கள். மணிக்கு 314 கி.மீ. வேகக் காற்று ஊருக்குள் புகுந்தது. ஏறக்குறைய 95 கி.மீ. தூரம் தரையை உழுதுகொண்டே போன அந்தச் சுழற்காற்றில் 17 பேர் இறந்தார்கள். மருத்துவமனை சேதமடைந்து, நோயாளிகளை வெளியூருக்கு மாற்ற வேண்டியதாயிற்று. இருட்டில், மின்னல் வெட்டும் கணத்தில் மட்டுமே தெரிந்த அந்தத் தூணைத் துரத்தி வந்தவர்களில் சிலர், கேமராவை விட்டுவிட்டு இடிபாடுகளிலிருந்து ஆட்களை இழுத்து வெளியே போட்டார்கள். ஊரின் மேயர் எல்ட்ரிட்ஜ் வாக்கர் இறுதிச் சடங்கு நிலையமும் நடத்துபவர். ஊர்த்தலைவராக இழவு விசாரிக்கவும், அடக்கம் செய்யவும் ஒரே ஆளாக நிற்க வேண்டி வந்தது.

அங்கே ஓர் உணவகம் முற்றிலும் நொறுங்கியது. உள்ளே இருந்தவர்கள் இறைச்சி வைக்கும் பெரிய குளிர்பதன அறைக்குள் ஓடிப் புகுந்து உயிர் பிழைத்தார்கள். அந்த உணவகத்தின் பின்புறம் டிரெய்லர் வீடுகள் வரிசையாக இருந்தன. அங்கே இருந்தவர்களுக்குப் புகுந்துகொள்ள அப்படியோர் அறை இல்லை. அந்த வரிசையில் சாவு விழுந்தது.

டிரெய்லர் வீடு என்பது தொழிற்சாலையில் தகரமும் பலகையும் கொண்டு செய்து, லாரியில் இழுத்து வந்து நிறுத்தும் பெட்டி வீடு. ஏழைகளுக்கு எட்டுகிற விலையில் கிடைப்பது அதுதான். பெரும்பாலும் இன்னொருவர் மனையில் வாடகை கொடுத்து நிறுத்தியிருப்பார்கள். அடித்தளம் ஆழமாக இல்லை, பதுங்க நிலவறை இல்லை. அமெரிக்காவில் சுழற்காற்றுக்குப் பலியாவோரில் ஏறத்தாழப் பாதிப் பேர் இப்படிப்பட்ட வீடுகளில் இருந்தவர்கள். மொத்த மக்களில் இந்த வீடுகளில் வசிப்போர் சிறு பங்குதான். ஆக, இயற்கைக்குச் சாதியும் நிறமும் தெரியாது என்று மேடையில் சொல்வது பாதி உண்மை. காற்றுக்குத் தெரியாது. வீட்டை எங்கே, எதனால் கட்டலாம், யார் மனையில் கட்டலாம் என்று முடிவு செய்தவர்களுக்குத் தெரியும்.

படிக்கும்போது நம்மை நிறுத்திய ஒரு செய்தி உண்டு. டொர்னாடோவின் வலிமையைக் காற்றுமானி வைத்து அளப்பதில்லை. காற்று போன பிறகு அதிகாரிகள் நடந்து போய், எது எவ்வளவு உடைந்திருக்கிறது என்று பார்த்து, 0 முதல் 5 வரை தரம் போடுகிறார்கள். ஃபுஜிடா என்ற ஜப்பானிய அறிஞர் 1971-ல் கொண்டுவந்து, பின்னர் திருத்தப்பட்ட முறை அது. ரோலிங் ஃபோர்க்கில் வீசியது 4-ஆம் தரம். உறுதியான கல் வீடு அடியோடு பெயர்ந்தால்தான் காற்று மிக வலிமையானது என்று எழுதலாம். டிரெய்லர் வீடு சுமார் 200 கி.மீ. வேகத்திலேயே சிதறிவிடும்; அதற்கு மேல் 300 அடித்ததா என்று அந்தச் சிதறலைப் பார்த்துச் சொல்ல முடியாது. அறிவியல் முறையில் இது சரிதான். ஆனால் நினைத்துப் பாருங்கள்: ஏழையின் வீடு முழுவதும் போனாலும், வந்த காற்று எவ்வளவு பெரியது என்பதற்கு அதன் சாட்சியம் போதாது.

சாட்சியம் போதாமல் போவது அங்கே புதிதல்ல. அதே மிசிசிப்பியில், 1840 மே 7 அன்று நாட்செஸ் நகரைச் சுழற்காற்று தாக்கியது. இறந்தவர்கள் 317 என்பது ஏட்டுக் கணக்கு. பெரும்பாலோர் ஆற்றில் படகுகளில் இருந்தவர்கள்; தரையில் இறந்தவர்கள் 48 பேர்தான் என்கிறது அந்தக் கணக்கு. சுற்றிலும் தோட்டங்களில் அடிமைகள் நிறைந்திருந்த காலம் அது. அவர்களின் சாவு கணக்கில் வரவில்லை. 1936 ஏப்ரல் 5 அன்று டுபிலோ நகரில் 216 பேர் இறந்ததாகக் கணக்கு. அன்றைய செய்தித்தாள்கள் கறுப்பின மக்களில் பாதிக்கப்பட்டவர்களின் பெயர்களை வெளியிடுவதில்லை என்பதால், உண்மையான எண்ணிக்கை இன்றுவரை தெரியாது. அன்று அந்த ஊரில் உயிர் தப்பிய ஒன்றேகால் வயது வெள்ளைக் குழந்தையின் பெயர் மட்டும் உலகத்துக்கே தெரியும்: எல்விஸ் பிரெஸ்லி.

ரோலிங் ஃபோர்க்கில் இறந்தவர்களை எண்ணினார்கள். இரண்டே நாளில் பேரிடர்ப் பிரகடனம் வந்தது. ஒரு வாரத்தில் குடியரசுத் தலைவர் பைடன் நேரில் வந்தார். கேமராக்கள் அதோடு கிளம்பிவிட்டன. பிறகு தொடங்கியதுதான் நீண்ட கதை.

பேரிடர் நிவாரணம் தரும் கூட்டாட்சி அமைப்பின் பெயர் ஃபெமா. வீட்டைச் சீரமைக்க அது தரும் பணம், சொந்த வீட்டில் குடியிருந்தவருக்கு மட்டுமே. வாடகைக்கு இருந்தவருக்குப் பறிபோன சாமான்களுக்கும், சில காலம் வேறிடத்தில் தங்கவும் உதவி உண்டு. ஆனால் இடிந்த வீட்டைத் திரும்பக் கட்டுவதா வேண்டாமா என்பது வீட்டுக்காரர் விருப்பம். காப்பீட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு மனையைச் சும்மா போட்டுவிட்டால் கேட்க ஆள் இல்லை. ஊரில் வேறு வாடகை வீடும் இல்லை. குடும்பங்கள் மாதக்கணக்கில் வெளியூர் விடுதி அறைகளில் கிடந்தன. பிள்ளைகளுக்குப் பள்ளி தூரமானது, பெரியவர்களுக்கு வேலை தூரமானது. சிறிய ஊர் கலைந்துபோவது இப்படித்தான்; காற்றால் கொஞ்சம், காத்திருப்பால் மீதி.

சொந்த மனை இருந்தவர்களுக்கு வேறொரு சிக்கல். அடிமை முறை ஒழிந்த பிறகு கறுப்பினக் குடும்பங்கள் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி வாங்கிய நிலங்கள் அமெரிக்காவின் தென்மாநிலங்கள் எங்கும் உண்டு. வழக்கறிஞரும் நீதிமன்றமும் தங்களுக்கு எதிராகவே இருந்ததால் அவர்கள் உயில் எழுதவில்லை, பெயர் மாற்றவில்லை. பாட்டன் பெயரிலேயே பத்திரம் கிடக்க, பேரப்பிள்ளைகள் கூட்டாக அனுபவித்து வருகிறார்கள். புயலோ சுழற்காற்றோ வந்து நிவாரணம் கேட்டுப் போனால், "உங்கள் பெயரில் பத்திரம் எங்கே?" என்ற கேள்வி. 2005-ல் கத்ரீனா புயலுக்குப் பிறகு இந்தக் காரணத்தால் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் உதவி கிடைக்காமல் நின்றன. மக்கள் அமைப்புகளும் வழக்கறிஞர்களும் ஆண்டுக்கணக்கில் போராடிய பிறகு, 2021-ல்தான் ஃபெமா தன் விதியைத் தளர்த்தி வேறு ஆவணங்களையும் ஏற்க ஒப்புக்கொண்டது.

ஜூனியா ஹாவெல், ஜேம்ஸ் எலியட் என்ற இரு சமூகவியலாளர்கள் 1999 முதல் 2013 வரை அமெரிக்கக் குடும்பங்களின் சொத்தைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தார்கள். பேரிடர்ச் சேதம் மிக அதிகமாக இருந்த மாவட்டங்களில் வெள்ளைக் குடும்பங்களின் சொத்து சராசரியாக 1,26,000 டாலர் கூடியது. அதே மாவட்டங்களில் கறுப்பினக் குடும்பங்களின் சொத்து 27,000 டாலர் குறைந்தது. ஃபெமா பணம் அதிகம் வந்த இடங்களில் இந்த இடைவெளி இன்னும் அகலமானது. இழந்த சொத்தின் அளவுக்குத்தான் உதவி என்றால், சொத்தே இல்லாதவருக்கு எதைக் கொடுப்பது? அதிகாரிகள் யாரும் வெறுப்போடு நடந்துகொள்ள வேண்டிய அவசியமே இல்லை. விதிப்படி நடந்தாலே போதும், இது நடந்துவிடும்.

இந்தப் பத்தியில் அமெரிக்காவைப் பற்றி ஏன் இவ்வளவு என்று சிலர் கேட்கலாம். ஜோதிராவ் புலே 1873-ல் எழுதிய 'குலாம்கிரி' நூலை, அடிமை ஒழிப்புக்குப் பாடுபட்ட அமெரிக்கர்களுக்குத்தான் காணிக்கையாக்கினார். 1946-ல் அம்பேத்கர் கறுப்பினத் தலைவர் டு போய்ஸுக்குக் கடிதம் எழுதி, இரு மக்களின் நிலையும் ஒத்திருப்பதைச் சுட்டினார். அந்த உறவைக் கொள்கைப் பேச்சுக்கு மட்டும் வைத்துக்கொள்ளாமல், பத்திரம், வாடகை, நிவாரணப் படிவம் வரைக்கும் கொண்டுபோக வேண்டும் என்பது நம் கருத்து. 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது, விழுந்த தென்னைக்கு மரக்கணக்கில் இழப்பீடு போனது மரத்துக்கு உரியவருக்கு. அந்த மரத்தில் ஏறியும் தேங்காய் உரித்தும் பிழைத்தவர் அந்தக் கணக்கில் வரவில்லை என்பதை நம் வாசகர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இதையெல்லாம் இரவுப் பாடசாலையில் சொன்னபோது, கேள்வி கேட்ட பெண் அடுத்த கேள்வியையும் வைத்திருந்தாள். "அப்ப நம்ம வீட்டுப் பட்டா யார் பேர்ல இருக்கு?" மறுநாள் எல்லோரும் வீட்டில் கேட்டு எழுதி வர வேண்டும் என்றோம். எழுதி வந்தார்கள். சிலருக்குத் தாத்தா பெயர், ஒருவனுக்கு இறந்துபோன கொள்ளுத்தாத்தா பெயர். ஆதிதிராவிடர் நலத்துறை கொடுத்த மனைப் பட்டா டிரங்குப் பெட்டியில் இருக்கிறது, ஆனால் கிராமக் கணக்கில் ஏறவில்லை என்று இருவர். அப்பாவைக் கேட்டதற்கு "அது எதுக்கு உனக்கு?" என்று திட்டு வாங்கி வந்தவனும் உண்டு. வரும் திங்கட்கிழமை வாரிசுச் சான்றுக்கும் பட்டா மாறுதலுக்கும் மனு எழுதிக்கொண்டு கிராம நிர்வாக அலுவலரைப் பார்க்கப் போகிறோம். மனுவை அந்தப் பெண்தான் எழுதுகிறாள்.