கடன் முடிஞ்சுது, பதிவு முடியேல்ல

எங்கட பக்கம் லீசிங்கில ஒரு மோட்டார் சைக்கிள் எடுக்கப் போனாலே, "கிறிப்பில பேர் கிடக்கோ?" என்றுதான் முதல்ல பார்ப்பினம். அமெரிக்காவில் இந்தப் பதிவை வைத்திருப்பவை டிரான்ஸ்யூனியன் போன்ற தனியார் கம்பனிகள். அவற்றுக்குத் தகவல் கொடுப்பது வங்கிகள் மட்டுமல்ல, கடன் கொடுக்கும் அரச திணைக்களங்களும்தான். அந்தத் தகவல் பிழையென்றால், கொடுத்தது அரசாங்கமென்றால், யாரில வழக்குப் போடுறது?

2024 பெப்ரவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொன்னது. விவசாயத் திணைக்களத்தின் கிராமிய வீடமைப்புச் சேவையிடம் ஒருவர் கடன் வாங்கியிருந்தார். 2018 நடுப்பகுதிக்குள் முழுதும் கட்டிவிட்டேன், ஆனால் திணைக்களம் நிலுவை இருக்கு என்றே அறிவித்துக்கொண்டிருக்கு என்பது அவருடைய முறைப்பாடு. டிரான்ஸ்யூனியனுக்குச் சொன்னார். அவர்கள் திணைக்களத்துக்கு அறிவித்தார்கள். அதன் பிறகும் திருத்தவில்லை என்று வழக்குப் போட்டார்.

அரசாங்கம் 'நீ கடன் கட்டேல்ல' என்று வாதாடியிருந்தால் அது வேற கதை. 'எங்களில வழக்கே போடேலாது' என்றுதான் நின்றது. இறைமை விலக்கு என்பார்கள். அரசரை அவருடைய நீதிமன்றத்திலேயே இழுக்கேலாது என்ற பழைய இங்கிலாந்து நினைப்பின் மிச்சம். (அரசரோடு சண்டை பிடிச்சுத் தனியாப் போன நாட்டில!)

ஆனால் 1970ஆம் ஆண்டின் நியாயமான கடன் அறிக்கையிடல் சட்டத்தில், 'ஆள்' என்பதன் வரைவிலக்கணத்துக்குள் அரசாங்கமும் அதன் முகவர் நிறுவனங்களும் இருக்கின்றன. 1996இல் திருத்தியபோது தகவல் கொடுப்பவருக்கும் கடமைகளை வைத்தார்கள். மீறுகிற 'ஆள்' நட்டஈடு கட்டவேணும். வேண்டுமென்றே மீறினால் 100 முதல் 1,000 டொலர் வரை, அதற்கு மேல் தண்டனை நட்டஈடும் வரலாம். வெறும் வரைவிலக்கணத்தால் எங்கட விலக்குப் போகாது என்றது அரசாங்கம். ஒன்பது நீதியரசர்களும் ஒருமித்து மறுத்தார்கள். தீர்ப்பை எழுதியவர் நீல் கோர்சச்.

நட்டஈடு மக்களின் வரிப்பணம்தானே என்று சிலர் கேட்பினம். ஒரு பதிவைத் திருத்த அவ்வளவு செலவில்லை. திருத்தாமல் விடுறதுக்கு விலையே இல்லையென்றால் எந்தக் கந்தோரும் அசையாது. தனியார் வங்கி செய்தால் குற்றம், திணைக்களம் செய்தால் சும்மா என்றால், பேர் கெட்டவருக்கு அதில என்ன வித்தியாசம்? ரெண்டு இடத்திலயும் அடுத்த கடன் கிடைக்காது.

இவ்வளவுக்கும் அந்த மனிதர் வென்றது காசு இல்லை. வழக்கை நடத்துற உரிமை மட்டும்தான். திணைக்களம் அனுப்பிய தகவல் உண்மையிலேயே பிழையா என்பது அதுக்குப் பிறகுதான் விசாரணைக்கு வரும்.