ஐந்நூறு என்றார்கள், ஐந்நூற்றுத் தொண்ணூறு!

திருமழிசைத் தொழிற்பேட்டையிலே உழைத்துக் களைத்து வீடு திரும்பும் தோழன், பிள்ளையின் படிப்புக்காகக் கண்ணாடி இழை இணையம் கேட்கிறான். "மாதம் 500 ரூபாய்தான்" என்கிறது விளம்பரம். பில்லோ 590! பொடி எழுத்திலே பதுங்கியிருந்தது 18 சதவிகித ஜி.எஸ்.டி.! அதன்மேல் ஆறு மாத முன்பணம், பெட்டிக்கு டெபாசிட். வேகமோ "100 மெகாபிட் வரை". அந்த 'வரை'யிலேதான் வம்பு! பாடத்துக்கும் படத்துக்கும் 30, 40 மெகாபிட் போதாதா?

இது ஆடம்பரமா? இணையம் அடிப்படை உரிமை என்று 2017-லேயே சொன்னது கேரளம். 2023 ஜூன் 5-இல் 'கே-போன்' தொடங்கியது. 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்பது இலக்கு. மற்றவர்க்குத் தொடக்கக் கட்டணம் வரி நீங்கலாக 299.

இங்கே? பாரத்நெட் கம்பி 12,525 கிராம ஊராட்சிகளுக்கு. திருமழிசை கிராம ஊராட்சி அன்று. அந்தக் கணக்கிலே அதற்கு இடமில்லை!

தோழர்களே! கையெழுத்திடுமுன் ஆண்டு முழுவதற்குமான மொத்தச் செலவைக் கேளுங்கள். பி.எஸ்.என்.எல். கட்டணத்தோடு ஒப்பிடுங்கள். அண்டை வீட்டில் மாலையிலே எப்படி ஓடுகிறது என்று விசாரியுங்கள்.

பிறகு அரசையும் கேளுங்கள்: குழாய்த் தண்ணீர் தெருவுக்கு வந்ததே, இந்தக் கம்பி எப்போது வரும்?