கோழிப்பேனுக்கு எறும்புப் பொடியா?

காரைக்கால் பக்கம் நிரவி, கோட்டுச்சேரி, நெடுங்காடு என்று எங்கே போனாலும் கொல்லையில் நாலு கோழியாவது மேயும். வியாபாரத்துக்கு இல்லை. பிள்ளைகளுக்கு வீட்டு முட்டை, விருந்தாளி வந்தால் ஒரு குழம்பு, அவ்வளவுதான். சில கோழிகளுக்குச் செல்லப் பெயர் கூட உண்டு!

இந்தக் கோழிக்குப் பேன் வந்துவிட்டால் கை நேராக வீட்டு அலமாரிக்குத்தான் போகிறது. மண்ணெண்ணெய், பினாயில், எறும்புப் பொடி, கரப்பான் ஸ்ப்ரே, நாய் உண்ணிக்கு வாங்கிய சொட்டு மருந்து... "எறும்பையே கொல்லுது, பேனைக் கொல்லாதா?" என்பார்கள். கொல்லும். அதோடு நிற்குமா என்பதுதான் கேள்வி.

கோழி தன் இறகை நாள் முழுக்க அலகால் கோதிக்கொண்டே இருக்கும். இறகில் தடவியது எல்லாம் வயிற்றுக்குள் போகும். மண்ணெண்ணெய் தோலையும் புண்ணாக்கும். அடுத்து மூச்சு. பறவைக்கு நுரையீரலோடு காற்றுப்பைகளும் உண்டு, கோழிக்கு ஒன்பது. காற்றில் இருப்பதை நம்மைவிட வேகமாக அது உள்ளே இழுத்துக்கொள்ளும். மூடிய கூண்டில் ஸ்ப்ரே அடித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

கூண்டு கழுவுவதிலும் ஆபத்து உண்டு. கோழி எச்சத்திலிருந்து அமோனியா வரும். அதன் மேல் பிளீச்சிங் பவுடரைக் கொட்டினால் குளோரமைன் என்ற நச்சுவாயு கிளம்பும். அது கோழிக்கும் கெடுதல், கழுவுகிறவருக்கும் கெடுதல்.

சரி, கோழி பிழைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். முட்டை?

இதற்கு ஐரோப்பா ஒரு பெரிய பாடம் படித்தது. 2017-ல் நெதர்லாந்து, பெல்ஜியம் நாடுகளின் பண்ணைகளில் கோழி உண்ணியை ஒழிக்கத் தெளித்த மருந்தில் ஃபிப்ரோனில் கலந்திருந்தது தெரியவந்தது. நாய், பூனை உண்ணிக்குப் பயன்படும் மருந்து அது. உணவுக்காக வளர்க்கும் பிராணிகள் மேல் அதைப் போட அங்கே அனுமதி இல்லை. கொழுப்பில் தங்கும் பொருள் என்பதால் மஞ்சள் கருவுக்குள் போய்விட்டது. லட்சக்கணக்கான முட்டைகள் கடைகளிலிருந்து அகற்றப்பட்டன. பண்ணைகள் மூடப்பட்டன. சோதனைக்கூடம் இருக்கிற ஊரில் இது வெளியே வந்தது. நம் கொல்லை முட்டையை யார் சோதிக்கப் போகிறார்கள்?

பழைய பொடி டப்பாக்கள் இன்னும் மோசம். ஒரு காலத்தில் எல்லா வீட்டிலும் இருந்த பி.எச்.சி. பொடியை இந்தியா 1997-லேயே தடை செய்துவிட்டது. பரணில் கிடக்கும் டப்பாவுக்கு அது தெரியாதே!

"முந்நூறு, நானூறு ரூபாய் கோழிக்கு டாக்டரா?" என்று கேட்பார்கள். கணக்கு நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் அந்தக் கணக்கில் கோழியின் விலை மட்டும்தான் இருக்கிறது. முட்டை சாப்பிடும் குழந்தையைச் செலவுப் பக்கத்தில் எழுத மறந்துவிட்டார்கள்.

முதலில் எந்தப் பூச்சி என்று பார்க்க வேண்டும். பேன் கோழியின் உடம்பிலேயே இருக்கும். சிவப்பு உண்ணி பகலில் கூண்டின் இடுக்கில் ஒளிந்துகொண்டு இரவில் வந்து ரத்தம் குடிக்கும். அதற்குக் கோழி மேல் மட்டும் மருந்து போட்டுப் பயனில்லை, கூண்டைச் சுத்தம் செய்ய வேண்டும். காய்ந்த மண்ணில் விறகுச் சாம்பல் கலந்து ஒரு குழியில் போட்டால் கோழி தானே புரண்டு குளித்துக்கொள்ளும். பாட்டிமார் செய்த வேலைதான், பேன் அதிகமாகாமல் தடுக்கும்.

அதற்கும் மேலே போனால் அரசு கால்நடை மருத்துவமனையில் கேட்கலாம். காரைக்காலில் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கிறது. மருந்து வாங்கும்போது இரண்டு கேள்வி கேட்டால் போதும். ஒன்று, இது கோழிக்கு உரியதுதானா? இரண்டு, போட்ட பிறகு எத்தனை நாள் முட்டையும் கறியும் சாப்பிடக்கூடாது?

எறும்புப் பொடி டப்பாவில் இந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் இருக்காது. கோழி மேல் போட அதைச் செய்யவே இல்லை என்பதற்கு வேறு என்ன சாட்சி வேண்டும்?